வளர்த்த பாம்பு வீட்டுக்குள் காணாமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறார்கள். பெரும்பாலும் பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்தாகச் சுருளும் சிறிய மலைப்பாம்பு), அடுத்து கார்ன் ஸ்நேக். முன்னது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது; பின்னது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் விஷம் இல்லை. இரண்டும் தொட்டியைவிட்டு வெளியேறுவதில் கெட்டிக்காரப் பாம்புகள். அப்படி வெளியேறியதும் வளர்ப்பவர்கள் பதறிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

தொட்டியைத் திறந்தால் பாம்பு இல்லை. முதலில் என்ன செய்வது?

முதலில் தொட்டிக்குள்ளேயே இன்னொரு முறை தேடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. தேங்காய் நார்த்தூள் போட்டு வைத்திருந்தால் அதற்கடியில் புதைந்திருக்கும்; தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் தட்டையாகக் கிடக்கும்; அலங்காரத்துக்கு வைத்த மரக்கட்டையின் பொந்துக்குள் நுழைந்திருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நார்த்தூளைக் கையால் அளைந்து பார்த்த பிறகுதான் பாம்பைக் காணவில்லை என்று முடிவுக்கு வர வேண்டும்.

நிஜமாகவே இல்லை என்றால் அந்த அறையை அடைத்துவிடுங்கள். கதவைச் சாத்தி, கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியில் துண்டைச் சுருட்டித் திணியுங்கள். ஜன்னலை மூடுங்கள். குளியலறைக் கதவைச் சாத்துங்கள், கழிப்பறைக் கோப்பையின் மூடியைக் கவிழ்த்து விடுங்கள். வாஷிங் மெஷின், கிரைண்டர் எதையும் பார்க்காமல் ஓட விடாதீர்கள். இதையெல்லாம் முடித்த பிறகு தேடலாம்.

பதற்றத்தில் பீரோவையும் கட்டிலையும் இழுக்க ஆரம்பிப்பவர்கள் நிறைய. அது வேண்டாம். பாம்பு பீரோவின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தால் நசுங்கிப் போகும். சாய்வு நாற்காலி, மடக்குக் கட்டில், இழுத்துப் படுக்கையாக்கும் சோபா ஆகியவற்றின் இரும்புக் கம்பிகளுக்குள் பாம்பு சிக்கினால் முதுகெலும்பே முறிந்துவிடும். எந்தச் சாமானையும் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு நகர்த்துங்கள்.

வீட்டைவிட்டே வெளியே போயிருக்குமா?

வீட்டைப் பொறுத்தது. கதவு ஜன்னல் மூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும், அதுவும் தொட்டி இருந்த அறையிலேயே. முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீடு என்றால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான்.

பாம்பின் சுபாவத்தையும் பாருங்கள். பால் பைத்தான் கூச்சக்காரப் பாம்பு. முதலில் அகப்படும் இருட்டான இடுக்கில் போய்ச் சுருண்டுகொள்ளும். நாள் கணக்கில் நகராமலும் இருக்கும். தொட்டி வைத்திருக்கும் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே அது கிடைத்த வீடுகள் உண்டு. கார்ன் ஸ்நேக் அப்படி இல்லை. மெலிந்த உடம்பு, நல்ல வேகம், மரமேறும் பழக்கம். ஜன்னல் திரையைப் பிடித்து ஏறி, திரைக்கம்பியில் கொடி போலக் கிடக்கும். ஆகவே பைத்தானைத் தரையில் தேடுங்கள். கார்ன் ஸ்நேக்கைத் தேடும்போது பரணையும் மறக்காதீர்கள்.

வெளியே போக அவற்றுக்கு எளிதான வழி கதவு அல்ல. நம் ஊர் வீடுகளில் குளியலறையிலும் சமையலறைப் பின்பக்கத்திலும், தரையோடு தரையாகத் தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை இருக்கும். பல பழைய வீடுகளில் அது சுவரைத் துளைத்துக்கொண்டு நேராகத் தெருச் சாக்கடைக்கோ தோட்டத்துக்கோ திறக்கும். அதில் கம்பி வலை மூடி இல்லை என்றால் முதலில் அடைக்க வேண்டிய இடம் அதுதான். ஏசி குழாய் போகும் துளையையும் பாருங்கள். சுற்றிப் பூசிய பசை உதிர்ந்து விரல் நுழையும் இடைவெளி பல வீடுகளில் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன கார்ன் ஸ்நேக் பென்சில் பருமன்தான். அதற்கு அந்த இடைவெளி தாராளம்.

எங்கெங்கே தேட வேண்டும்?

தொட்டியிலிருந்து ஆரம்பித்துச் சுவரை ஒட்டியே போங்கள். திறந்த தரையின் நடுவே பாம்பு போவது குறைவு. ஒரு பக்கம் உடம்பில் ஏதாவது உரசிக்கொண்டே போவது அதற்குப் பிடிக்கும். குப்புறப் படுத்து, டார்ச்சைத் தரையோடு வைத்து அடித்தால், நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத நிழல் எல்லாம் தெரியும்.

சோபாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் மெல்லிய கறுப்புத் துணி ஒன்றை ஸ்டேப்ளர் பின் போட்டு அடித்திருப்பார்கள். ஒரு மூலையில் அது கிழிந்திருந்தால் போதும், பாம்பு உள்ளே ஏறி மரச்சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். மேலே எத்தனை முறை மெத்தையைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. அந்தத் துணியில் எங்காவது தொய்வாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். லேசாகக் கையால் ஏந்திப் பார்த்தால் கனம் தெரியும். ஸ்டேப்ளர் பின்னை நெம்பித் துணியைக் கழற்றத் தயங்காதீர்கள், திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

சமையலறையில் ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரஸருக்கு மேல் ஒரு சின்னத் தட்டு இருக்கும். கதகதப்பும் ஈரமும் சேர்ந்த இடம். பாம்புக்கு இதைவிட வசதி ஏது? கேஸ் சிலிண்டரின் அடிவளையம், வெட் கிரைண்டரின் அடிப்பகுதி, சிங்க்கின் கீழே சாக்கும் பையும் திணித்து வைத்திருக்கும் மூலை, அரிசி டிரம்முக்குப் பின்னால், எல்லாம் பாருங்கள். வாஷிங் மெஷினின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும். உள்ளே டிரம்மை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள்.

கூடத்தில் இன்வெர்ட்டர் டிராலி, டிவி ஸ்டாண்டின் பின்னால் ஒயர் குவியல், பழைய செய்தித்தாள் கட்டு, செருப்பு அலமாரி. மூடிய ஷூவுக்குள் கையைவிடாமல் தட்டிக் கொட்டுங்கள். படுக்கையறையில் திவான் கட்டிலின் பெட்டி, துணி மூட்டை, பீரோவின் அடி. பூஜை அறையில் கொலுப்பொம்மைப் பெட்டியைச் சொல்லி வைக்கிறேன். வைக்கோலும் காகிதமும் சுற்றிய பொம்மைகள், வருடத்துக்கு ஒரு முறைதான் யாரும் திறப்பார்கள். ஸ்கூட்டரை வீட்டுக்குள் நிறுத்துகிறவர்கள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஓர் அறையை முழுதாக முடித்த பிறகு அதை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தேடினால், நீங்கள் பார்த்த இடத்துக்கே அது திரும்பிப் போயிருக்கும்.

சூடான இடமாகப் பார்த்துத் தேடு என்கிறார்களே, நம்மூருக்கு அது பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். அந்த யோசனை குளிர்நாட்டுக்காரர்களுடையது. வெளியே பனி கொட்டும்போது பாம்பு ஹீட்டரைத் தேடிப் போகும். பால் பைத்தானுக்குச் சுகமான வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 32 டிகிரி செல்சியஸ். புதுச்சேரியில் வருடத்தின் பெரும்பகுதி வீடு முழுக்கவே அந்தச் சூடு இருக்கிறது. அதற்கு ஃபிரிட்ஜைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

மார்கழி, தை மாத இரவுகளில் 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது அந்த யோசனை பலிக்கும்: ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோடம், செட்டாப் பாக்ஸ். அக்னி நட்சத்திரத்தில் தலைகீழ். அப்போது அது தேடுவது குளிர்ச்சியை. குடிதண்ணீர்ப் பானையின் அடி, குளியலறை வாளிக்குப் பின்னால், ஈர மாப் வைக்கும் மூலை, சிமென்ட் தொட்டியின் நிழல், தரையோடு ஒட்டிய கடப்பைக்கல் அலமாரி. மே மாதத்தில் காணாமல் போனால் என் முதல் சந்தேகம் குளியலறை மேல்தான்.

ஏசி போட்ட அறையிலிருந்து தப்பியிருந்தால் ஏசியை அணைத்துவிடுங்கள்.

பகலில் தேடுவதா, இரவிலா?

பகலில் சாமான்களைப் பார்க்கலாம், பாம்பை இரவில்தான் பார்க்கலாம். பால் பைத்தான் இரவில் நடமாடுவது. கார்ன் ஸ்நேக்கும் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியலுக்கு முன்பும்தான். எல்லோரும் படுத்த பிறகு விளக்கை அணைத்து, மின்விசிறியையும் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். சுவரை ஒட்டி சிப்ஸ் பாக்கெட் உறை, கசக்கிய பழைய காகிதம் போட்டு வைத்தால் அதன்மேல் ஊரும்போது சரசரப்பு கேட்கும். கரப்பானும் எலியும் கூடச் சத்தம் போடும்தான். ஆனால் எலி விட்டு விட்டுத் துள்ளும். பாம்பின் சரசரப்பு ஒரே சீராக நீண்டுகொண்டு போகும். ஒரு முறை கேட்டுவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

எந்த அறையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கோலமாவு இருக்கவே இருக்கிறது. படுக்கப் போவதற்கு முன் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய படலமாகத் தூவுங்கள். கல்மாவு நல்லது, அரிசிமாவு என்றால் விடிவதற்குள் எறும்பு மொய்த்து, தடம் எது எறும்பு எது என்று தெரியாமல் போகும். சல்லடையில் போட்டுத் தட்டினால் சீராக விழும். கனமாகக் கொட்டினால் தடம் சரிந்து மூடிக்கொள்ளும்.

காலையில் முதல் ஆளாக எழுந்து பாருங்கள். பருத்த பைத்தான் அவசரமில்லாமல் ஊரும்போது கிட்டத்தட்ட நேர்கோடாக, கட்டை விரலால் இழுத்தது போன்ற தடம் விழும். கார்ன் ஸ்நேக்கின் தடம் வளைந்து வளைந்து போகும். தடம் அறைக்குள் போய் வெளியே வரவில்லை என்றால் அந்த அறையை அடைத்து அதில் மட்டும் தேடுங்கள். பல்லியின் தடத்தில் பக்கத்துக்குப் பக்கம் கால் புள்ளிகள் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எலி வைத்து வரவழைக்கலாமா?

நான் வேண்டாம் என்பேன். ஃபிரீசரிலிருந்து எடுத்து இளக்கிய இரை எலியைத் தரையில் வைத்தால் நம்மூர் வெக்கையில் ஒரே இரவில் நாறிவிடும், எறும்பு வந்துவிடும், பூனை வந்துவிடும். உயிருள்ள வெள்ளை எலியைத் திறந்து விட்டால் சுருண்டு கிடக்கும் பாம்பை அது கடித்துக் குதறும் வாய்ப்பு உண்டு. அதைவிட முக்கியம், எலி வாசம் உங்கள் பாம்புக்கு மட்டும் அழைப்பு அல்ல. தோட்டத்துச் சாரையும் நல்ல பாம்பும் அதே வாசத்துக்குத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

அதற்குப் பதில் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வையுங்கள். பாம்பு பழகிய பழைய மறைவுப் பெட்டியையே அழுக்கோடு எடுத்து, சுவரோரம் வையுங்கள். அதன் சொந்த வாசம் அதில் இருக்கும். பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர். மற்ற அறைகளில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாலும் போதும். காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள்.

பூண்டு, நாப்தலின் உருண்டை, பால், மகுடி?

எதுவும் உதவாது. பூண்டும் நாப்தலினும் பாம்பை வெளியே விரட்டாது; நாப்தலின் புகையை மூடிய அறையில் பாம்பும் நீங்களும்தான் சுவாசிப்பீர்கள். பால் பாம்பின் உணவே இல்லை. மகுடிக்குப் பாம்பு ஆடுவது அதன் அசைவைப் பார்த்து. வெளிக்காது இல்லாவிட்டாலும் தரை அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் அது உணரும், ஆனால் கூப்பிட்டால் வராது.

எலிக்கு வைக்கும் பசை அட்டை மட்டும் கூடவே கூடாது. செதில் உரிந்து, தவித்தே செத்துவிடும். தவறி ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயை ஊற்றி, பசை இளகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள்.

கட்டிலுக்கடியில் ஒரு பாம்பைப் பார்த்துவிட்டேன். என்னுடையதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் பாம்பு காணாமல் போன அன்று உங்கள் வீட்டில் இருக்கும் பாம்பு உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஊசுட்டேரி, பாகூர் ஏரி, கெடிலம், தென்பெண்ணை என்று நீரும் வயலும் சூழ்ந்த ஊர்கள் இவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது போன்ற சமயங்களில், வளையில் தண்ணீர் ஏறிய பாம்புகள் எல்லாம் மேட்டைத் தேடித்தான் வரும். மேடு என்றால் வீடுதான்.

பால் பைத்தானோடு எளிதில் குழம்புவது கண்ணாடி விரியன். இரண்டும் தடித்த, குட்டையான, பழுப்பு நிறப் பாம்புகள். அரையிருட்டில், பதற்றத்தில், இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். விரியனின் முதுகில் நீள்வட்டக் கரும்பழுப்புப் புள்ளிகள் சங்கிலிக் கண்ணிகளாக மூன்று வரிசையில் ஓடும். செதில்கள் சொரசொரப்பாக, பளபளப்பு இல்லாமல் இருக்கும். சீண்டினால் குக்கர் விசில் போலச் சீறும். பைத்தானின் உடம்பு வழவழப்பாக மின்னும், திட்டுகள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும், பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகிவிடும். கார்ன் ஸ்நேக் ஆரஞ்சுச் சிவப்பு. கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள். உள்ளூர்ப் பாம்பில் அந்தச் சாயல் அபூர்வம் என்றாலும் டார்ச் மஞ்சள் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்பாதீர்கள்.

தலை முக்கோணமாக இருந்தால் விஷப்பாம்பு என்ற கணக்கை மறந்துவிடுங்கள். விஷமில்லாத பைத்தானின் தலையும் அகன்று, கழுத்து சிறுத்துத்தான் இருக்கும். நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் முக்கோணத் தலையே கிடையாது.

ஆகவே முழு உடம்பையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, உங்கள் கைப்பேசியில் உள்ள அதன் படத்தோடு ஒத்துப் பார்க்கும்வரை தொடாதீர்கள். வாலின் நுனி மட்டும் தெரிகிறது, ஏதோ ஒரு வளைவு மட்டும் தெரிகிறது என்றால் அது யாருடையது என்று தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் தேடும்போது கண்ணுக்குத் தெரியாத எந்த இடுக்கிலும் கையைவிடக் கூடாது என்பது. கைப்பேசிக் கேமராவை வீடியோவில் போட்டு, விளக்கை எரியவிட்டு இடுக்குக்குள் நீட்டினால் வேலை முடிந்தது. சந்தேகம் என்றால் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். 112க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

பாம்பு கிடைக்கும்வரை வீட்டில் யாரும் தரையில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். உங்கள் பாம்பு ஒன்றும் செய்யாது. ஆனால் அது போன வழியில் கட்டு விரியன் உள்ளே வர முடியும். இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பதுதான் அதன் வழக்கம்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பூனையும் இருக்கிறது. யாருக்கு ஆபத்து?

பூனையால் பாம்புக்குத்தான் ஆபத்து. பூனையை வேறு வீட்டில் விடுங்கள். பாம்பு வெளியே போய்விட்டால் கீரி, காகம் எதுவும் அதை விடாது. குழந்தையைப் பொறுத்தவரை, 4 அடிக்குள் இருக்கும் பால் பைத்தானோ கார்ன் ஸ்நேக்கோ குழந்தையை விழுங்காது. இருந்தாலும் தூங்கும் குழந்தையின் அறையை முதலில் தேடி முடித்து, அடைத்து, அங்கே படுக்க வையுங்கள். பெரிய இன மலைப்பாம்பு வளர்க்கிறீர்கள் என்றால் பேச்சே வேறு. குழந்தையை அன்றே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டுமா? வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிடுவாரே?

சொல்லாமல் இருந்தால்தான் காலி செய்யச் சொல்வார். எதிர்வீட்டு அக்கா காலையில் கோலம் போட வாசலுக்கு வந்து, பைப்பின் அருகே உங்கள் பைத்தானைப் பார்த்தால் என்ன நடக்கும்? விளக்குமாறு, உலக்கை, ஆள் கூட்டம். பாம்பு ஐந்து நிமிடத்தில் செத்திருக்கும்.

சொல்லும் விதம்தான் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் "பாம்பு தப்பிவிட்டது" என்று மட்டும் போட்டால் தெருவே கொந்தளிக்கும். நேரில் போங்கள். "அக்கா, நான் வளர்க்கிற பாம்பு ஒண்ணு வீட்டுக்குள்ளயே எங்கயோ போயிருச்சு, விஷம் இல்லாதது, இதோ படம். எங்கயாச்சும் பாத்தா தொடவும் வேணாம், அடிக்கவும் வேணாம், எனக்கு ஒரு போன் பண்ணுங்க, எந்நேரமானாலும் வரேன்" என்று சொன்னால் திட்டிவிட்டாவது சொல்வார்கள். படத்தை அச்சடித்துக் கொடுங்கள். கூடவே ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: படத்தில் இருப்பது மாதிரி இருந்தாலும் அவர்களாகக் கையில் எடுக்கக் கூடாது. விஷமில்லாத பாம்பு தொலைந்திருக்கிறது என்ற செய்தியை நம்பி ஒரு பையன் விரியனைப் பிடித்துவிடக் கூடாது.

வனத்துறைக்குத் தெரிந்தால் வழக்குப் போடுவார்களா?

என்ன பாம்பு என்பதைப் பொறுத்தது. சாரை, மண்ணுளி, நல்ல பாம்பு, நம்மூர் மலைப்பாம்பு என்று இந்திய மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அப்படி ஒன்று தொலைந்திருந்தால் அது தன் இடத்துக்குப் போயிருக்கிறது என்பதுதான் என் கருத்து. திரும்பப் பிடித்துத் தொட்டியில் போட யோசனை கேட்காதீர்கள்.

வெளிநாட்டுப் பாம்புகளில் பால் பைத்தான், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பதிவு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக. பதிவுச் சீட்டு கையில் இருந்தால் வனத்துறைக்குத் தைரியமாகத் தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். யாராவது அதைப் பிடித்து ஒப்படைத்தால் உங்களுடையது என்று காட்ட அந்தச் சீட்டுத்தான் இருக்கிறது.

சரி, வெளியே போயே போய்விட்டது. போன இடத்தில் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. நம் கடற்கரையின் சூடும் ஈரமும் பைத்தானுக்கு ஒத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. ஃப்ளோரிடாவில் வளர்ப்புப் பாம்பாக வந்த பர்மா மலைப்பாம்புகள் சதுப்புக் காட்டில் பெருகி, முயலையும் ரக்கூனையும் துடைத்து எடுத்துவிட்டன. 2017 தொடக்கத்தில் அவற்றைப் பிடிக்க உதவிக்கு அழைக்கப்பட்டவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒற்றைப் பால் பைத்தான் ஊரை நிரப்பிவிடாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டுப் பாம்பின் உடம்பில் உள்ள உண்ணியும் கிருமியும் நம்மூர்ப் பாம்புகளுக்குப் பழக்கமில்லாதவை. தேடிக்கொண்டே இருங்கள், ஊரார் கண்ணும் தேடட்டும்.

பிடிக்கும்போது கடித்துவிட்டது.

உங்கள் பாம்புதான் என்று உறுதியாகத் தெரிந்தால்: வெடுக்கென்று கையை இழுக்காதீர்கள், அதன் பல் பின்நோக்கி வளைந்தது, சதை கிழியும். விடவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரை அதன் வாய்மேல் ஓட விடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடித்தது எது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் வேறு கணக்கு. 108ஐக் கூப்பிடுங்கள், புதுச்சேரியில் ஜிப்மர், கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை. கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை ஆடாமல் வைத்துக்கொண்டு போங்கள். கட்டு விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரிதாக இல்லாமலே போகும், பல் தடம்கூடத் தெரியாது. வயிற்று வலியும் இமை சொருகுவதும் பிறகுதான் வரும். அதனால் வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

வாரக் கணக்கில் ஆகிறது. பட்டினியில் செத்திருக்குமோ?

பட்டினியால் இருக்காது. வளர்ந்த பால் பைத்தான் தொட்டியில் இருக்கும்போதே மாதக் கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். குட்டிகளுக்கு அவ்வளவு தாங்காது. தண்ணீர்தான் கவலை, அதுவும் கோடையில். ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள். எங்காவது உரித்த சட்டை கிடைக்கிறதா பாருங்கள். கிடைத்தால் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அது குடியிருக்கிறது. கெட்ட வாடை வந்தால் மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

கிடைத்துவிட்டது! ஆனால் சந்துக்குள் இருந்து வர மாட்டேன் என்கிறது.

வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். அது உடம்பை உப்பிச் செதிலை ஊன்றிக்கொள்ளும், நீங்கள் இழுக்க இழுக்க விலா எலும்புதான் நோகும். சாமானைக் கழற்றுங்கள், பாம்பை இழுக்காதீர்கள். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்பலகையைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். கழற்ற முடியாத இடம் என்றால் வெளிப்பக்கம் ஒரு தலையணை உறையை வாய் திறந்து வைத்து, விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தானாக வரும்.

கையில் எடுத்ததும் உடம்பை இரண்டு இடத்தில் தாங்கிப் பிடியுங்கள். தீக்காயம், வெட்டு, உண்ணி இருக்கிறதா பாருங்கள். ஃபிரிட்ஜ் பின்னால் இருந்தது என்றால் வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆழமில்லாத தண்ணீர் வையுங்கள். ஐந்தாறு நாள் இரை கொடுக்க வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். காயம் இருந்தால் கால்நடை மருத்துவர். குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எங்கு போவதாக இருந்தாலும் ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். எல்லா மருத்துவரும் பாம்பைத் தொடமாட்டார்கள்.

எப்படித்தான் தப்பியது என்றே புரியவில்லை.

பாம்பு கண்ணாடியை உடைப்பதில்லை, பூட்டைத் திறப்பதில்லை. இரவு முழுக்க மூக்கால் மூடியை நெம்பிக்கொண்டே இருக்கும். ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் போதும். தலை நுழைந்த இடத்தில் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். மேல்மூடித் தொட்டி என்றால் நாலு மூலையிலும் கிளிப் போடுங்கள், மேலே செங்கல் வைத்து ஒப்பேற்றாதீர்கள். நகரும் கண்ணாடிக்கு நகைக்கடை ஷோகேஸ் பூட்டு கிடைக்கும், மலிவுதான். பிளாஸ்டிக் டப்பாவில் வளர்ப்பவர்கள், வெயிலில் மூடி வளைந்துவிட்டதா என்று கோடைக்குக் கோடை பாருங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி, தொட்டியைச் சூடாக்கும் ஹீட் பேடின் ஒயர் போகும் துளை. ஒயர் மெல்லியது, துளை பெரியது. மீண்டும் பாம்பை உள்ளே விடுவதற்கு முன் ஒயரைச் சுற்றிச் சிலிகான் பசையை வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பசை காயும்வரை பாம்பு தலையணை உறைக்குள், உறை மூடியுள்ள வாளிக்குள் இருக்கட்டும். வாளி மூடியில் காற்றுக்கு நாலு துளை, ஒவ்வொன்றும் தீக்குச்சி பருமனுக்கு மேல் வேண்டாம்.